ஆமா என்று சொன்னவள்

கவரைப்பேட்டை ரயில்வே கேட் மூடியிருந்தால் ஊரே குனிந்து நுழைந்து போகும். சைக்கிளைச் சாய்த்து இழுத்துக்கொண்டு போவார்கள், புல்லுக்கட்டை அந்தப் பக்கம் வீசிவிட்டுப் போவார்கள், இடுப்பில் குழந்தையோடு போவார்கள். கேட்டைப் போட்டவரே குனிந்து போய் எதிர்க்கடையில் டீ குடித்துவிட்டு வருவார். அவள் மட்டும் நிற்பாள். கண்ணுக்கெட்டிய தூரத்தில் ரயிலே இல்லை என்றாலும் நிற்பாள். கூட நடந்த பாவத்துக்கு நானும் நிற்பேன். கம்பெனிக்கு லேட்டாகும். வாட்ச்மேன் கேட்டால் நான் பஸ் பங்ச்சர் என்று ஆரம்பிப்பேன். அவள் பின்னாலேயே வந்து, கேட் போட்டுவிட்டார்கள், நின்றுகொண்டிருந்தோம் என்று உள்ளதைச் சொல்லி என் மானத்தை வாங்குவாள்.

என் அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் மகள் அவள். எனக்கு முறைப்பெண். பக்கத்துத் தெருவில் வீடு. மாமா சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டார். கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லை, வீட்டில் அவளும் அத்தையும் மட்டும்தான். எழுபதுகளின் நடுவில் புதுவாயலில் ஹைவே ஓரமாக ஒரு போல்ட் நட்டு கம்பெனி வந்தது. நான் ஸ்டோர்ஸில் சேர்ந்தேன். பொன்னேரியில் டைப்ரைட்டிங் படித்திருந்த அவள் ஆபீசில் டைப்பிஸ்ட். இவனுக்கு அவள்தான் என்று இரண்டு வீட்டிலும் பேச்சு இருந்தது. வெற்றிலை பாக்கு மாற்றவில்லை, ஆனால் யாருக்கும் சந்தேகமும் இல்லை. எனக்குக் கொஞ்சமும் இல்லை. அவள் என்னை மாமா என்று கூப்பிடுவாள். அந்த ஒரு கூப்பிடலுக்காக எத்தனை கேட்டில் வேண்டுமானாலும் நிற்கலாம் என்று இருந்தது எனக்கு.

ஒல்லியாக, உயரமாக இருப்பாள். விரல் நுனியில் எப்போதும் ரிப்பன் மை இருக்கும். எதைக் கேட்டாலும் அவளிடமிருந்து உடனே பதில் வராது. ஒரு மூச்சு நிற்பாள். சொல்லப்போவது உண்மையா என்று உள்ளே ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வருகிறாளோ என்று தோன்றும். பழகாதவர்கள் காது கேட்காத பெண் என்றுகூட நினைத்திருக்கிறார்கள்.

நம் பக்கத்தில் யார் வீட்டுக்குப் போனாலும் சாப்பிட்டாயா என்று கேட்பார்கள். சாப்பிட்டேன் என்று சொல்ல வேண்டும். வயிறு ஒட்டிப்போயிருந்தாலும் அப்படித்தான் சொல்ல வேண்டும், அது மரியாதை. ஒரு தடவை மீஞ்சூரில் என் அக்கா வீட்டுக்கு எல்லாரும் போயிருந்தோம். மணி மூன்றுக்கு மேல் ஆகிவிட்டது, அக்கா வீட்டில் பானை கழுவிக் கவிழ்த்தாகிவிட்டது. அக்கா வாய் வார்த்தைக்குக் கேட்டாள். நாங்கள் எல்லாரும் ஆச்சு ஆச்சு என்றோம். இவள் ஒரு மூச்சு நின்று, இன்னும் இல்லை, நல்ல பசி என்றாள். அக்கா மறுபடி அடுப்பு மூட்டினாள். அந்தக் கடுப்பு அக்காவுக்கு வருஷக்கணக்காகப் போகவில்லை. ஆனால் அன்று நாங்கள் எல்லாரும் அந்தச் சோற்றைத்தான் வெட்கமில்லாமல் தின்றோம்.

இதையாவது சொல்லி முடித்துவிடலாம். பொன்னேரி கதையை எப்படிச் சொல்வது? அத்தையிடம் ஓயாமல் வம்பளக்கும் ஒரு பெரியம்மா உண்டு. ஒருநாள் அவர் வந்து, உன் மகள் எங்கே என்று கேட்டிருக்கிறார். இவள் உள்ளே தலை பின்னிக்கொண்டிருக்கிறாள். பெரியம்மாவைச் சீக்கிரம் கிளப்புவதற்காக அத்தை, பொன்னேரி போயிருக்கிறாள், வர நேரமாகும் என்று சொல்லிவிட்டார். பெரியம்மா போனதும் பார்த்தால் மகளைக் காணவில்லை. பின்பக்கமாக இறங்கி, பஸ் பிடித்து, பொன்னேரி போய்விட்டாள். அங்கே ஒரு வேலையும் கிடையாது. பஸ் ஸ்டாண்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பியிருக்கிறாள். அத்தை தலையில் அடித்துக்கொண்டு என்னிடம் முறையிட்டார். நான் போய்க் கேட்டேன். அவளுக்கு அதில் சிரிப்பதற்கு ஒன்றும் தெரியவில்லை. அம்மா வாயிலிருந்து வந்துவிட்டது, அதைப் பொய்யாக விடக்கூடாது என்றாள்.

சொன்னதைப் பொய்யாக விடக்கூடாது. அவள் அவ்வளவுதான். அவளை வேறு எப்படியும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

நான் அப்படியே நேர் எதிர். வாயைத் திறந்தால் கூசாமல் புளுகுவேன். யார் குடியையும் கெடுக்கிற பொய் இல்லை, வழியைச் சுருக்கிக்கொள்கிற பொய். போதாததற்கு மாயாஜாலக் கதைப் பைத்தியம் வேறு. பத்திரிகையில் மந்திரவாதி தொடர்கதை வரும் நாளில் கடை திறப்பதற்கு முன்னாலேயே போய் நிற்பேன். அந்தக் கதைகளில் எல்லாவற்றுக்கும் மாற்று உண்டு. கல்லாய்ப் போன இளவரசிக்குத் தண்ணீர் தெளித்தால் உயிர் வரும். சாபம் கொடுத்தவனே கடைசியில் மனமிரங்கி விமோசனமும் சொல்லிவிட்டுப் போவான். இந்தப் பைத்தியம் இன்னும் தெளியவில்லை. எழுபது தாண்டிய கிழவன் தலையணை மாதிரி டிராகன் புத்தகத்தை நெஞ்சில் வைத்துக்கொண்டு படுத்திருப்பதைப் பார்த்து என் மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள்.

கம்பெனி நாளில் ஒரு இங்கிலீஷ் பேய்க்கதைப் புத்தகம் எங்களிடம் வந்தது, பழைய பேப்பர் கட்டில். போல்ட் பெட்டிகளுக்குள் திணிக்கப் பட்டணத்திலிருந்து கட்டுக் கட்டாகக் காகிதம் வரும். அதில் ஒன்றில் அட்டையில்லாமல், முன்பக்கங்கள் போய், நடுவில் ஒரே ஒரு படத்தோடு கிடந்தது. ஜன்னலுக்கு வெளியே ஒல்லியாக ஒருவன் நிற்கிறான், உள்ளே ஒரு பெண் தூங்குகிறாள். படத்தைப் பார்த்ததுமே எனக்குக் கை அரித்தது, சட்டைக்குள் செருகிக்கொண்டேன். அவளிடம் காட்டினால், முதலில் மேனேஜரைக் கேட்டுவிட்டு வா என்றாள். குப்பைக் காகிதத்துக்கு அனுமதி கேட்டுப் போய் நின்ற ஆள் அந்தக் கம்பெனியில் நான் ஒருவன்தான். மேனேஜர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, எடுத்துக்கொண்டு போய்த் தொலை என்றார்.

அப்போது எனக்கு அந்த அளவுக்கு இங்கிலீஷ் வராது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஸ்டோர்ஸ் பின்னால் புங்கமரத்தடியில் அவள் படித்துத் தமிழில் சொல்வாள். நானும் கேண்டீன் அக்காவும் கேட்போம். அக்கா பழவேற்காட்டுப் பக்கம் மீன்பிடிக் குடும்பத்துப் பெண், எங்கள் ஊரில் வாழ்க்கைப்பட்டவள். அவளும் கூட உட்கார்ந்திருப்பதால் முறைப்பெண்ணோடு மரத்தடியில் என்ன பேச்சு என்று யாரும் கேட்க முடியாது.

கதை இதுதான். மலைக்கோட்டையில் ஒரு பிரபு. செத்து நானூறு வருஷமாகியும் சாகாதவன். மனித ரத்தம் குடித்து உயிரோடிருக்கிறான். கப்பலேறி ஒரு ஊருக்கு வருகிறான், அங்கே ஒரு பெண் நாளுக்கு நாள் வெளுத்துக்கொண்டே போகிறாள். கேட்கும்போதே எனக்கு ஆயிரம் குறை. இவனெல்லாம் ஒரு பேயா? அழைக்காமல் யார் வீட்டுக்குள்ளும் நுழைய முடியாதாம். ஓடுகிற தண்ணீரைத் தானாகத் தாண்ட முடியாதாம். விடிந்தால் அவன் பாச்சா பலிக்காதாம். என் மந்திரவாதிகளில் ஒருவன் போதும் இவனை எலுமிச்சம்பழத்துக்குள் அடைக்க. நான் இப்படி அடுக்கிக்கொண்டே போனால் அவள் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு நான் முடிக்கும்வரை காத்திருப்பாள்.

"ரத்தம் குடிக்கிறவனுக்கே ஒரு கட்டுப்பாடு இருக்குது பாத்தியா மாமா. கதவு தொறந்து இருந்தாக்கூட வான்னு சொல்றவரிக்கும் வெளியதான் நிக்கிறான். அதான் எனக்கு இவன புடிச்சிருக்குது" என்றாள் ஒருநாள்.

பேயிடமிருந்துகூட ஒரு நல்ல பழக்கத்தை எடுத்துக்கொள்கிற பிறவி.

போன வருஷம் அதே புத்தகத்தை வாங்கினேன். பெயர் தெரியாது. கடைக்காரரிடம் கதையைச் சொன்னதும் அவரே எடுத்துக் கொடுத்தார், புது அட்டை போட்டது. இப்போது டிக்ஷனரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தட்டுத்தடுமாறி இங்கிலீஷ் படிப்பேன். டிராகன் படித்துப் பழகியவனுக்கு அது ஆமை வேகம். ஆளாளுக்கு டீ குடிக்கிறார்கள், வானத்தைப் பார்க்கிறார்கள், கவலைப்படுகிறார்கள். வில்லன் எப்போதாவதுதான் தலைகாட்டுகிறான். இன்றைக்கு எழுதினால் இருபது பக்கத்தில் முடித்துவிட்டு இரண்டாம் பாகத்துக்குப் போயிருப்பார்கள். ஆனால் பக்கத்துக்குப் பக்கம் அவள் மரத்தடியில் சொன்னது சொன்னபடி இருந்தது. ஒரு வரி கூட்டவில்லை, ஒரு வரி விடவில்லை. நானாக இருந்தால் நடுவில் நாலு பறக்கும் குதிரையாவது விட்டிருப்பேன். கையில் இருந்தது இங்கிலீஷ், காதில் கேட்டது முழுக்க அவள் குரல். ஒரு இடத்தில் முடியாமல் மூடி வைத்துவிட்டேன். ரெண்டு நாள் கழித்துத்தான் திறந்தேன்.

அது அந்தப் பெண்ணுக்கு ரத்தம் ஏற்றுகிற இடம். கட்டிக்கொள்ளப் போகிறவன் கையை நீட்டிக் கொடுக்கிறான். தன் ரத்தம் அவள் உடம்பில் ஓட ஆரம்பித்ததுமே, இனி கல்யாணம் வேறு எதற்கு, அதுதான் ஆகிவிட்டதே என்று அவன் நினைத்துக்கொள்கிறான். அன்று மரத்தடியில் இதைக் கேட்டு எனக்கு உள்ளே ஜில்லென்றது. புத்தகத்தில் முதன்முதலாக ஒரு உருப்படியான மந்திரம் என்று நினைத்தேன். கேண்டீன் அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள்.

"இன்னாம்மா கத இது. ரெண்டு ஒடம்புல ஒரே ரத்தம் ஓடுனா அண்ணன் தங்கச்சிடி. பங்காளி ஆயிடுவாங்க. அப்பால எங்கேந்து தாலி கட்றது?"

நான் வெள்ளைக்காரன் பக்கம் பேசினேன். வாய் வலிக்கப் பேசினேன். அவள் ஒரு மூச்சு நின்று, நம் வழக்கத்துக்கு அக்கா சொல்வதுதான் சரி என்றாள். எனக்குக் கோபம் வந்து டிபன் பாக்ஸை மூடிக்கொண்டு எழுந்துவிட்டேன். கதைதானே மாமா என்று பின்னால் சிரித்தாள்.

அப்போது அவள் சனிக்கிழமை தோறும் பட்டினி கிடந்துகொண்டிருந்தாள். அத்தைக்கு மஞ்சள் காமாலை வந்தபோது நாற்பத்தெட்டு சனிக்கிழமை என்று வேண்டிக்கொண்டது. அத்தை எழுந்து நடமாடி மூட்டை தூக்க ஆரம்பித்த பிறகும் கணக்காகப் பச்சைத் தண்ணீர்தான். டைப் அடித்து அடித்துத் தலைவலி வரும். வெறும் வயிற்றில் தலைவலி மாத்திரையை விழுங்குவாள். ஒரு வாய் மோர் குடித்துவிட்டாவது போடு என்றால், பட்டினி என்று சொல்லிவிட்டு மோர் எப்படிக் குடிப்பது என்பாள். சொல்லிப் பார்த்து அலுத்துப்போனேன். இன்னும் கொஞ்சம் கத்தியிருக்க வேண்டும் நான்.

ஒரு சனிக்கிழமை பதினோரு மணி இருக்கும். டைப்ரைட்டர் மேல் சாய்ந்து ரத்தமாக வாந்தி எடுத்தாள். நான் ஓடிப் போவதற்குள் கேண்டீன் அக்கா அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மேனேஜர் தன் காரையே கொடுத்தார். அந்த நேரத்திலும் யாரோ அந்தப் பேய்ப் புத்தகத்தால் வந்த வினை என்று சொன்னது காதில் விழுந்தது. சொன்னவரோ வேறு யாரோ மறுநாளே அதைக் கேண்டீன் அடுப்பில் போட்டுவிட்டார்கள். புதுவாயலிலிருந்து பட்டணம் வரை முன்சீட்டில் உட்கார்ந்து திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனேன். முகத்தில் துளி ரத்தம் இல்லை. பின்சீட்டில் அவளை மடியில் போட்டிருந்த கேண்டீன் அக்கா புடவையெல்லாம் ரத்தம்.

பெரிய ஆஸ்பத்திரியில் வயிற்றில் புண் என்றார்கள், நிறைய ரத்தம் போய்விட்டது, உடனே ஏற்றணும் என்றார்கள். அத்தைக்குச் சேதி போய் அவர் ரயிலேறி வருவதற்கு இன்னும் நேரம் இருந்தது. ஒரு நர்ஸம்மா வெளியே வந்து, கூடப் பிறந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா என்று கேட்டார். எனக்கு முன்னால் வேறொரு நோயாளிக்காக நின்ற ஆள், சொந்தக்காரன் என்று சொல்லி, என்ன சொந்தம் என்று கேட்டதற்கு இழுத்ததால் அவரை ஓரமாக உட்காரச் சொன்னதைப் பார்த்திருந்தேன். முறைமாப்பிள்ளை என்று சொல்லியிருக்கலாம். ஒருவேளை சரி வா என்றுகூடச் சொல்லியிருப்பார்கள். எனக்குத்தான் வழியைச் சுருக்கிப் பழக்கமாயிற்றே.

"நான் அவ அண்ணன்" என்றேன்.

பொய் என்று தோன்றவே இல்லை. பஸ் பங்ச்சர் என்று சொல்வது போல வாயில் வந்தது. சோதித்துப் பார்த்தார்கள், சேரும் என்றார்கள், படுக்க வைத்து எடுத்தார்கள். எடுத்து முடித்த பிறகு அதே நர்ஸம்மா காகிதங்களைப் பார்த்துவிட்டு முகம் சுளித்தார். என் இனிஷியல் வேறு, அவள் இனிஷியல் வேறு. ரத்தம் விற்கிறவர்கள் அண்ணன் தம்பி என்று பொய் சொல்லிக்கொண்டு வருவார்களாம். என்னை வார்டுக்குள் கூட்டிக்கொண்டு போய் அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் நிறுத்தினார்.

கண்ணைத் திறந்திருந்தாள். உதடு வெள்ளையாக இருந்தது. நர்ஸம்மா குனிந்து, "இவரு உன் அண்ணனாம்மா? சரியா சொல்லு" என்று கேட்டார்.

அவள் என்னைப் பார்த்தாள். ஒரு மூச்சு நின்றாள். அந்த ஒரு மூச்சில் எனக்கு உயிர் போய்விட்டது. இல்லை என்று சொல்லிவிடுவாள், உள்ளதைச் சொல்லிவிடுவாள், இவளுக்கு வேறு தெரியாது, பாட்டிலைத் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள், இவள் என் கண் முன்னால் செத்துவிடுவாள். சொல்லு, ஒரே ஒரு தடவை பொய் சொல்லு என்று உள்ளே கெஞ்சினேன்.

"ஆமா. எங்கண்ணன்தான்" என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. எனக்காக ஒரு பொய் சொன்னாள் என்ற சந்தோஷம். அவ்வளவு முட்டாளாக இருந்திருக்கிறேன்.

பிழைத்துக்கொண்டாள். நாலாம் நாள் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு போனேன். அத்தை பக்கத்தில் இருந்தார். வாண்ணா, உட்காரு என்றாள். நர்ஸம்மா காதில் விழட்டும் என்று சொல்கிறாள் என நினைத்துக் கண்ணடித்தேன். அவள் கண்ணைத் திருப்பிக்கொண்டாள். வீட்டுக்கு வந்த பிறகும் அண்ணா. கம்பெனிக்குத் திரும்பி வந்த பிறகும் அண்ணா. கேண்டீன் அக்கா முதலில் சிரித்தாள், பிறகு பயந்துபோனாள். கதைக்காகச் சொன்னதை மனசில் வைத்துக்கொள்ளாதே என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். என் அம்மா வந்து அழுதாள். அத்தை கோயில் ஐயரைக் கேட்டார். உயிரைக் காப்பாற்றச் சொன்ன வார்த்தையில் ஒரு குற்றமும் இல்லை, ரத்தம் ஏற்றுவதெல்லாம் மருந்து மாதிரி, தாராளமாகக் கல்யாணம் செய்யலாம் என்று அவர் சொன்னார். எல்லாரும் சரி என்றார்கள். அவள் ஒருத்தி மட்டும் தலையாட்டவில்லை.

ஒருநாள் சாயங்காலம் வேலை விட்டு வரும்போது வழியில் நிறுத்திக் கேட்டுவிட்டேன். கோபத்தில் என்னென்னவோ பேசினேன். பிடிக்கவில்லை என்றால் நேராகச் சொல்லிவிடு, எதற்கு இந்த நாடகம் என்றேன். நான் முடிக்கும்வரை அவள் காத்திருந்தாள். பிறகு, பிடிக்கவில்லை என்று சொன்னால் அது பொய் என்றாள்.

அதைக் கேட்டு எனக்கு இன்னும் ஆத்திரம். "அப்ப இன்னாதான் உனக்கு? அது நான் சொன்ன பொய்யி. பாவம் வந்தா எனக்கு வரட்டும்."

"நீ சொன்னது உன்னோடது மாமா. ஆமான்னு நான் சொன்னனே, அது யாரோடது? இல்லன்னு சொல்லியிருந்தா அன்னிக்கே செத்துப் பூட்டிருப்பேன். உசிரு வேணும்னு தோணுச்சு. உன்ன பாத்துனேதான் சொன்னேன். அந்த வார்த்தய வச்சி வாங்கின உசிரு இது. இத எடுத்துனு வந்து உங்கூட குடும்பம் பண்ணா, தெனம் தெனம் அத பொய்யாக்கினே இருக்கணும். என்னால ஆவாது."

"அப்ப நான்?"

ஒரு மூச்சு நின்றாள். நிறையவே நின்றாள். "எனக்கு மட்டும் வலிக்கலன்னா நெனைக்கிற?" என்றாள்.

அன்று பேச்சு வாக்கில் வந்ததுதான் கடைசி மாமா. அதைச் சொன்னது அவளுக்கே தெரிந்திருக்காது. வீடு வரை கூடவே நடந்தோம். அதற்குப் பிறகு நான் கம்பெனிக்கு வேறு வழியாகப் போக ஆரம்பித்தேன்.

என் கதைகளை எல்லாம் புரட்டிப் பார்த்தேன், சிரிக்காதீர்கள், நிஜமாகவே எடுத்து வைத்துக்கொண்டு புரட்டினேன். ராட்சசன் கொடுத்த சாபம், முனிவர் கொடுத்த சாபம் எல்லாவற்றுக்கும் வழி இருந்தது. ஒரு பெண் தன் வாயால் சொன்னதற்கு மாற்று எதிலும் இல்லை.

அடுத்த வருஷம் அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை மீஞ்சூரில் பள்ளிக்கூட வாத்தியார், நல்ல மனிதர். எங்கள் வீட்டுக்கு அத்தை வந்து பத்திரிகை வைத்தார். அவள் வரவில்லை. என்னை ஒன்றும் கேட்டுச் சொல்லியனுப்பவும் இல்லை. போக வேண்டாம் என்று இருந்தேன். கல்யாணத்தன்று விடிந்ததும் கால் தானாகப் போனது.

அவர்கள் தெருவை அடைத்துப் பந்தல் போட்டிருந்தார்கள். நான் பின்னால் சமையல் நடக்கிற பக்கம் சவுக்குக் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தாலி கட்டுவதைப் பார்க்காமல் கிளம்பிவிடுவது என்று முடிவு. எங்கள் பக்கத்தில் பெண்ணின் அண்ணனோ தம்பியோதான் மாப்பிள்ளைக்குக் கால் கழுவி, மாலை போட்டு, விரலில் மோதிரம் போட்டு, கையைப் பிடித்துக் கூட்டிவந்து மணையில் உட்கார வைக்க வேண்டும். மச்சான் மோதிரம் என்பார்கள். கூடப் பிறந்தவன் இல்லையென்றால் சித்தப்பா பெரியப்பா மகன் செய்வான். அத்தை அப்படி ஒருவனைப் புது வேட்டி கட்டித் தயாராக வைத்திருந்தார்.

ஐயர் கூப்பிட்டார். "பொண்ணுக்குக் கூடப் பொறந்தவா யாரு? வாங்கோ."

புது வேட்டிக்காரன் எழுந்தான். அவள் தலையைத் தூக்காமலே ஏதோ சொன்னாள். அத்தை குனிந்து, என்னடி என்று கேட்டார். இந்தத் தடவை பந்தல் முழுக்கக் கேட்டது.

"எனக்கு அண்ணன் இருக்குது."

மேளக்காரர் தவிலிலிருந்து கையை எடுத்துவிட்டார். எங்கள் ஊர்க்காரர்கள் அத்தனை பேருக்கும் கதை தெரியும். நான் எங்கே நிற்கிறேன் என்பதும் தெரியும். ஒரு தலை திரும்பியது, பிறகு எல்லாத் தலையும் திரும்பின. மாப்பிள்ளை வீட்டார் ஒன்றும் புரியாமல் விழித்தார்கள். அவள் மட்டும் திரும்பவில்லை. கூப்பிடவும் இல்லை. மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

போயிருக்கலாம். இரண்டு எட்டு வைத்தால் பின்பக்கச் சந்து. போயிருந்தால் அந்தப் புது வேட்டிக்காரன் மோதிரம் போட்டிருப்பான், கல்யாணமும் நடந்திருக்கும். அவள் வாழ்நாளில் சொன்ன ஒரு வார்த்தை மட்டும் இத்தனை பேருக்கு நடுவில் பொய்யாகியிருக்கும். அப்படி ஆகட்டும் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன். அது பொய்யாகிவிட்டால் ஒருவேளை எழுந்து வந்துவிடுவாளோ என்று அந்தக் கேடுகெட்ட மனசு கணக்குப் போட்டது. அவள் கழுத்துப் பின்பக்கம் தெரிந்தது. இன்னும் சதை வைக்கவில்லை, ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மாதிரியே இருந்தாள்.

கம்பை விட்டுவிட்டு நடந்தேன். வழி விட்டார்கள். மாப்பிள்ளையின் காலைக் கழுவினேன், துடைத்தேன், மாலை போட்டேன். அத்தை மோதிரத்தைக் கொடுத்தார். வாத்தியார் விரல் கணுவில் சிக்கியது, திருகிப் போட்டேன். கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகும்போது மாப்பிள்ளையின் மாமா ஒருவர், பத்திரிகையில் அண்ணன் என்று யார் பேரும் இல்லையே என்று சந்தேகப்பட்டு, நீங்கள் பெண்ணுக்கு என்ன வேணும் என்று கேட்டார்.

ஊரே என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"கூடப் பொறந்தவன்" என்றேன்.

அப்போதுதான் அவள் நிமிர்ந்து பார்த்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது. நான் அவள் பக்கத்தில் அவரை உட்கார வைத்துவிட்டுக் கையை விட்டேன்.

அதற்குப் பிறகு யார் கேட்டாலும் எனக்கு ஒரு தங்கச்சி இருக்கிறாள், மீஞ்சூரில் கட்டிக் கொடுத்திருக்கிறோம் என்றுதான் சொல்லி வந்திருக்கிறேன். என் பெண்டாட்டியிடம்கூட அப்படித்தான் சொன்னேன். வருஷா வருஷம் பொங்கல் சீர் கொண்டுபோய்க் கொடுத்தேன், அவள் இருந்தவரைக்கும். வெளியில் ஒரு தடவைகூட மாற்றிச் சொன்னதில்லை. மனசுக்குள் ஒரு தடவைகூட அவளைத் தங்கச்சி என்று நினைத்ததும் இல்லை.